தாழ்வாரத்திலிருந்து பூன் லே வரை

முதுகு வலி எனக்கு ஒரு மழைநாளில் வந்தது. அப்போது லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் மழைத் தண்ணீர் தெறித்துக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. செருப்பு வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். பூ கட்டிக்கொண்டிருந்த பெண்மணி ஓடிவந்து தூக்கிவிட்டார். வலித்தது. ஆனாலும் வீடு வரைக்கும் நானேதான் நடந்து போனேன். மறுநாள் காலையில் படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

முதுகெலும்பின் கீழ்ப்பக்கம் டிஸ்க் ஒன்று பிதுங்கியிருக்கிறது, சில மாதங்களில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். சொன்னபடியே ஆனது. அடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு எல்லாம் ஆறிவிட்டது என்றார். வலிக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது காலையில் என்னோடு எழுந்து, நாள் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு, படுத்த பிறகும் விடாமல் இருந்தது. வேலையை விட்டேன்.

வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். என் கணவர் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியும் முன்பே கிளம்புகிறவர். கிளம்புவதற்குள் பிளாஸ்கில் வெந்நீர், ரொட்டி, மாத்திரை, போன், டிவி ரிமோட் எல்லாவற்றையும் கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவார். மகள் வேலையிலிருந்து வரும்போது புதிது புதிதாகத் தைலம் வாங்கி வருவாள். வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்குக் கண் எரியும் அளவுக்குத் தைல வாசனை. கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்தால்கூட, "வேணாம் லா மா, நான் எடுக்கிறேன்" என்று அடுத்த அறையிலிருந்து ஓடி வருவாள்.

அவர்கள் அன்பில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனதில், கட்டிலிலிருந்து குளியலறை, குளியலறையிலிருந்து சோபா என்று என் நடமாட்டம் சுருங்கிவிட்டது. அசைந்தால் வலித்தது. வலித்ததால் அசையவில்லை. அசையாமலே கிடந்ததால் பிறகு கொஞ்சம் அசைந்தாலே முன்னைவிட வலித்தது. நாங்கள் குடியிருப்பது ரோவல் சாலைப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில். ஜன்னலைத் திறந்தால் லிட்டில் இந்தியாவின் சத்தம் முழுவதும் கேட்கும். தீபாவளிக்கு முன்னால் சாலை நெடுக விளக்கு போட்டிருந்தார்கள். அந்த வருஷம் அதை நான் மகளின் போனில்தான் பார்த்தேன்.

அரசாங்க பாலிகிளினிக் டாக்டர் எனக்கு எழுதித் தரக்கூடிய மாத்திரைகள் எல்லாம் தீர்ந்துபோன நிலையில், நாள்பட்ட வலிக்கென்றே ஒரு மருத்துவமனையில் இருக்கும் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே என்னைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் ஒரு மலாய்ப் பெண். என் மகளைவிடச் சற்று மூத்தவளாக இருக்கலாம். மெஷின் வைப்பாள், சூடு கொடுப்பாள் என்று எதிர்பார்த்துப் போன என்னை உட்காரவைத்துப் பேசினாள். காயம் ஆறிவிட்டது, ஆனால் நரம்புகளுக்கு அது இன்னும் தெரியவில்லை, அசைவு என்றாலே ஆபத்து என்று அவை நினைக்கின்றன, கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து காட்டித்தான் அவற்றின் பயத்தைத் தெளிவிக்க முடியும் என்றாள். அதற்கு எல்லாவற்றையும்விட எளிய வழி நடப்பது என்றும் சொன்னாள். வலி முழுதாகப் போன பிறகு நடக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். வலி இருக்கும்போதே நடக்க வேண்டும்.

பிறகு அவள் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரொம்ப மோசமான ஒரு நாளில் உங்களால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேட்டாள். வீட்டு வாசலிலிருந்து மின்தூக்கி வரைக்கும் போய்வரலாம் என்றேன். அப்படியென்றால் அதில் பாதி போதும், அதைத் தினமும் நடங்கள் என்றாள். நல்ல நாளிலும் அவ்வளவுதான், கெட்ட நாளிலும் அவ்வளவுதான். கூட்டலாம் என்று நான் சொல்லும்வரை கூட்டக் கூடாது என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. மின்தூக்கிக்குப் பாதி தூரம் என்பது எங்கள் தாழ்வாரத்தில் அடுத்த வீட்டின் செருப்பு அலமாரி வரைக்கும்தான். இதற்காகவா டாக்சி பிடித்து வந்தோம் என்று கணவரிடம் சொன்னேன். அவர், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், சின்ன வயசு, நீ பாட்டுக்கு ரெஸ்ட் எடு என்றார்.

ஆனால் மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, பெரிய நம்பிக்கை எதுவும் இல்லாமலே, கதவைத் திறந்து தாழ்வாரத்துக்கு வந்தேன். அடுத்த வீட்டுச் செருப்பு அலமாரியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். வலித்தது. ஆனால் நான் பயந்த மாதிரி ஒன்றும் ஆகிவிடவில்லை.

எங்கள் மாடியில் கடைசி வீட்டில் இருப்பவரை எல்லோரும் ராத்தா என்போம். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கணவர் இருந்தவரை சிராங்கூன் சாலையில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். இப்போது மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். இருவரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். ராத்தாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது, இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் வெளியே வருவதும், செருப்பு அலமாரியைத் தொட்டுவிட்டு உள்ளே போவதும் அவர் கண்ணில் படாமல் போகுமா? சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன புள்ள, தெனம் வந்து அவங்க அலமாரிய தொட்டுட்டு போறே. ஏதும் வேண்டுதலா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"எனக்குந்தான் டாக்டர் நடக்கச் சொன்னாரு. மூட்டு வலிக்குதுன்னு போனா மூட்டை வச்சு நடக்கச் சொல்றாரு. அதுக்கு நான் ஏன் அவர்கிட்ட போகணும்?" என்றார்.

வாதாட எனக்கு அப்போது தெம்பு இல்லை. என் வேலையை மட்டும் பார்த்தேன். பிசியோதெரபிஸ்ட் அனுமதி கொடுக்கக் கொடுக்கத் தூரம் கூடியது. மின்தூக்கி வந்தது. பிறகு ராத்தாவின் வாசல். அங்கே நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவது வழக்கமாயிற்று. பிறகு கீழ்த்தளம், கீழ்த்தளத்திலிருந்து சாலை. கடைகள் திறப்பதற்கு முன்னால் அந்தத் தெருக்களில் நடப்பது எனக்குப் பிடித்தது. லாரிகளிலிருந்து காய்கறிக் கூடைகள் இறங்கும். சாம்பிராணிப் புகை வாசலுக்கு வரும். விழுந்த இடத்துப் பூக்கடைப் பெண்மணி என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். வலி குறைந்ததா என்றால் பெரிதாக இல்லை. ஆனால் தூக்கம் வந்தது. பசித்தது. மகளோடு சண்டை போடத் தோன்றியது. மூன்றுமே வெகுநாளாக இல்லாமல் இருந்தவை.

இந்த உற்சாகத்தில்தான் தைப்பூசத்தில் மாட்டிக்கொண்டேன். என் நாத்தனார் பால்குடம் எடுத்தார். பெருமாள் கோயிலிலிருந்து அவர் கிளம்பும்போது கூடவே சிராங்கூன் சாலை முனை வரை போய்விட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் சொல்லிப் போனேன். அன்றைக்குப் பார்த்து உடம்பு லேசாக இருந்தது. விடியற்காலைக் காற்று, மேளம், முன்னாலும் பின்னாலும் காவடிகள், தெரிந்த முகங்கள். முனை வந்தது தெரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று டோபி காட் பகுதியைத் தாண்டி, ஊர்வலம் போய்ச் சேரும் டேங்க் ரோடு கோயில் வாசலுக்கே போய் நின்றேன். நாத்தனார் என்னைப் பார்த்ததும் பால்குடத்தைப் பிடித்தபடியே சிரித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அன்று மாலையே இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே கட்டில், அதே பிளாஸ்க், அதே ரிமோட். கணவர் கோபப்பட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்று பேசினார்.

"போதும். நடந்தது போதும். இனிமே கீழே போக வேண்டாம்."

அவர் சொன்னது சரி என்றே எனக்கும் தோன்றியது. பிசியோதெரபிஸ்ட் போனில் கூப்பிட்டபோது இனி வரப்போவதில்லை என்று சொல்லத்தான் எடுத்தேன். அவள் நடந்ததையெல்லாம் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். நல்ல நாள் வந்தால் எல்லோரும் இப்படித்தான் ஓடுகிறார்கள் என்றாள். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருக்கிறதா என்று கவனமாக விசாரித்தாள். அப்படி எதுவும் இல்லை என்றதும், புதிதாக எதுவும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை, சற்று அடங்கியதும் மறுபடியும் அடுத்த வீட்டுச் செருப்பு அலமாரியிலிருந்து தொடங்குங்கள் என்றாள். அந்த அலமாரியை நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். ஆனால் தொடங்கவில்லை. வலி கொஞ்சம் அடங்கிய பிறகும் படுத்தே கிடந்தேன்.

ஒரு நாள் முற்பகலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. யாராவது பார்சல் கொண்டு வந்திருப்பார்கள், வாசலில் வைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். மறுபடியும் தட்டினார்கள். கையால் தட்டும் சத்தமாக இல்லை. மரத்தால் தட்டுகிற மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன்.

இரும்புக் கிராதிக்கு வெளியே ராத்தா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். மறு கை மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது, அதற்குள் சம்படம். முகமெல்லாம் வேர்த்திருந்தது. அவர் வீட்டு வாசலைத் தாண்டி அவரைத் தனியாக நான் பார்த்ததே இல்லை. டாக்டரிடம் போவதென்றால்கூட மகன் கைத்தாங்கலாக மின்தூக்கி வரைக்கும் கூட்டிப்போவான். எங்கள் வீடு தாழ்வாரத்தின் இந்தக் கோடி.

"ராத்தா, நீங்க எப்படி வந்தீங்க?" என்றேன்.

"எப்படி வர்றது? நடந்துதான்" என்றார். மூச்சு வாங்கியது. "உன்னைக் காணோம். தெனம் என் வாசல்ல வந்து நின்னுட்டுப் போவே. ஒரு நாள் பார்த்தேன், ரெண்டு நாள் பார்த்தேன். புள்ளைக்கு என்னாச்சோன்னு இருந்துச்சு. பூண்டுக் கஞ்சி வச்சேன். ஆறிடப் போவுது, கதவைத் தொற."

உள்ளே வந்து உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துவிட்டபடி, வழியில் யார் யார் வாசலில் நின்று இளைப்பாறினேன் என்று சொன்னார். நான் கஞ்சியைக் குடித்தேன். எனக்கு நடந்ததைச் சொன்னேன். தைப்பூசக் கதையைக் கேட்டுச் சிரித்தார். இவ்வளவு நாளும் நான் அவர் வாசல் வரை போனது என் முதுகுக்காக மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருத்தர் அதற்காகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அவர் கிளம்பும்போது தனியாக விட மனம் வரவில்லை. நான் கூட வருகிறேன் என்றேன். முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நீ எனக்குத் துணையா என்றார். இருவரும் கிளம்பினோம். ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவில் அவர் நின்றால் நானும் நின்றேன், நான் நின்றால் அவரும் நின்றார். அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும், "நாளைக்கு நான் பாதி வர்றேன், நீ பாதி வா" என்றார். அப்படித்தான் எங்கள் நடை ஆரம்பித்தது. தினமும் தாழ்வாரத்தின் நடுவில் சந்தித்துக்கொண்டோம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது ராத்தாவைப் பற்றிச் சொன்னேன். அவரும் தன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும், ஆனால் தேய்ந்த மூட்டுக்கும் நடைதான் நல்லது, தொடைத் தசை பலமானால் முழங்காலுக்குப் பாரம் குறையும் என்றாள் பிசியோதெரபிஸ்ட். இதை ராத்தாவிடம் நான் உபதேசமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. யாராவது நடங்கள் நடங்கள் என்று சொன்னபோது எனக்கும் பிடித்ததில்லை. காலையில் போய் நின்று, நான் கிளம்பிட்டேன் ராத்தா என்று மட்டும் சொல்வேன். வருவார். சில நாள் முனகிக்கொண்டு வருவார். வர முடியாத நாட்களில் அவர் வாசலிலேயே கொஞ்சம் நின்று பேசிவிட்டு நான் போவேன். மறுநாள் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டேன்.

அவர் மகன் அம்மா தாழ்வாரத்தில் நடப்பதைப் பார்த்துப் பயந்துபோனான். தங்கமான பிள்ளை. அடுத்த வாரமே ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்துவிட்டான், அம்மாவை ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே கூட்டிப்போக. ராத்தா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மகன் மனம் நோகக்கூடாது என்று ஒரு ஞாயிறு அதில் உட்கார்ந்து போய் வந்தார். திங்கட்கிழமை காலை நான் போனபோது, நாற்காலியின் பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது நல்லா இருக்கு புள்ள. கோல விட இது தெம்பா இருக்கு. வா, தேக்காவுக்குப் போவலாம்."

அன்று முதன்முறையாக சாலையைக் கடந்தோம். முதியவர்களுக்கான அட்டையை சிக்னல் கம்பத்தில் தட்டினால் பச்சை விளக்கு சற்றுக் கூடுதல் நேரம் எரியும். ராத்தா அதை அன்றுதான் முதல்முதலாகத் தட்டினார். சாலை நடுவில் போகும்போது, எனக்காக எல்லா வண்டியும் நிக்குது பார் என்றார். தேக்கா சந்தையில் மீன் பகுதிக்குப் போய்ப் பேரம் பேசினார். வாங்கியதையெல்லாம் நாற்காலியில் வைத்தோம். நடுவில் ஒரு பூசணிக்காய். காய்கறிக் கடைக்காரர் வெற்று நாற்காலியைத் தள்ளிவரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உட்கார வேண்டியவங்க எங்கேம்மா என்று அக்கறையாகக் கேட்டார். ராத்தா பூசணிக்காயைக் காட்டினார்.

"இவருதான். ஒடம்புக்கு முடியல."

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் இடுப்பு வலிக்கும் எனக்கு. வலித்தது, சிரித்தேன்.

இந்தக் கதையைப் பிசியோதெரபிஸ்டிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். பிறகு, சக்கர நாற்காலி முன்னால் ஓடிவிட்டால் ஆள் விழுந்துவிடுவார், அதைப் பிடித்து நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவள் சொன்னதை ராத்தாவின் மகனிடம் சொன்னேன். அவன் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், நான்கு சக்கரமும் கைப்பிடியில் பிரேக்கும் உள்ள, பிடித்து நடப்பதற்கான தள்ளுவண்டி ஒன்றை அவர் உயரத்துக்குச் சரிபார்த்து வாங்கினான். களைத்தால் உட்கார அதிலேயே ஒரு பலகை உண்டு. சக்கர நாற்காலியைத் தேவைப்பட்ட வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

என் கணவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. நான் மறுபடியும் கீழே இறங்குவது அவருக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு சனிக்கிழமை மாலை தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது நானே கேட்டுவிட்டேன், உங்களுக்கு என்ன கோபம் என்று. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கோபம் இல்ல" என்றார். "வேலையில இருக்கும்போது போன் அடிச்சா பக்குன்னுது. நீ படுத்திருக்கேன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கும். அவ்வளவுதான்."

இத்தனை வருஷத்தில் அவர் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கே நடக்கிறேன், எங்கே உட்காருகிறேன் என்று ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள் என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை என்னோடு வந்தார். முதல் பாதி தூரம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் எந்த இடத்தில் வழக்கமாக உட்காருவேனோ அங்கே உட்கார்ந்தேன். நன்றாகத்தானே இருக்கிறாய், ஏன் உட்காருகிறாய் என்று கேட்டார். நன்றாக இருக்கும்போதே உட்கார வேண்டும் என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள இவ்வளவு நாள் ஆனது என்றேன். திரும்பும்போது கையை விட்டுவிட்டார். கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பரோட்டா சாப்பிட்டோம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைவிட அவர்தான் முதலில் காலணி மாட்டிக்கொண்டு நிற்பார்.

இப்போதும் எனக்கு வலி இருக்கிறது. மழைக்காலத்தில் கூடும். சில காலைகளில் பல் துலக்கக் குனிவதே பெரும்பாடு. அப்படிப்பட்ட நாட்களில் தூரத்தைக் குறைத்துக்கொள்வேன், ஆனால் போகாமல் இருப்பதில்லை. பல் மருத்துவரிடமே அரை நாள் வேலைக்குத் திரும்பிவிட்டேன். நடுநடுவே எழுந்து நிற்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. கழுத்து வலி என்று சொல்கிற நோயாளிகளிடம் என் கதையைச் சொல்ல வாய் துறுதுறுக்கும். கேட்டால் மட்டும் சொல்வேன்.

போன மாதம் ராத்தாவின் தங்கைக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் இருப்பது தீவின் மேற்குக் கோடியில், பூன் லேயில். அக்காவால் வர முடியாது என்று மாதா மாதம் அவர்தான் ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போவார். ராத்தா அந்த வீட்டுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மகன் வாரக் கடைசியில் காரில் கூட்டிப்போகிறேன் என்றான். ராத்தாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. இல்லை, பொறுக்க விருப்பமில்லை என்று நினைக்கிறேன். எனக்கு வேலையில்லாத ஒரு நாளாகப் பார்த்து, ரயிலில் போய்விடலாமா என்று கேட்டார். நான் யோசித்தேன். மகனுக்குச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றேன். போன் செய்தேன். அவன், போய்ச் சேர்ந்ததும் எனக்கு மெசேஜ் பண்ணுங்க ஆன்டி என்றான்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, அவுட்ரம் பார்க்கில் மாற வேண்டும். மாறுகிற இடத்தில் நடை நீளம். மின்தூக்கிக்குப் போக ஒரு சுற்று வேறு. கூட்டம் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனது. ராத்தா வண்டியைத் தள்ளிக்கொண்டு தன் வேகத்தில் வந்தார். மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் என் இடுப்பில் அந்தப் பழைய சூடு ஏறிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தேன். ராத்தா தன் வண்டியில் உட்கார்ந்தார். ஒரு ரயிலை விட்டோம். அடுத்ததையும் விட்டோம்.

"திரும்பிடலாமா புள்ள?" என்று கேட்டார். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"வேணாம் ராத்தா. இது தெரிஞ்ச வலிதான். கொஞ்சம் உக்காந்தா அடங்கிடும்."

அடங்கியது. முழுதாக இல்லை, போகக்கூடிய அளவுக்கு. அடுத்து வந்த ரயிலில் ஏறினோம். ஒரு சீன இளைஞர் எழுந்து இடம் கொடுத்தார். சுரங்கத்தைவிட்டு ரயில் மேலே வந்ததும் ராத்தா ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்தக் கட்டடம் எப்போது வந்தது, அது எப்போது வந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் பாதிக்கு மேல் தெரியவில்லை.

தங்கைக்கு நாங்கள் வருவது தெரியாது. கதவைத் திறந்தவர், ஒரு கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடியோடு, ராத்தாவைப் பார்த்துவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார். அவன் எங்கே, காரை எங்கே விட்டிருக்கிறான் என்று கேட்டார்.

"அவன் வேலைக்குப் போயிட்டான். நான் நடந்து வந்தேன்" என்றார் ராத்தா.

"எங்கேர்ந்து?"

"எங்கேர்ந்து வருவாங்க? வீட்டுலேர்ந்துதான். நடுவுல ரயிலு."

தங்கை அக்காவின் காலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூடியில்லாத கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று ராத்தா அதட்டினார். தங்கை துடைத்துக்கொண்டு, சொல்லாமல் வந்தால் நான் என்ன சமைத்துப் போடுவேன் என்று பதிலுக்கு அதட்டினார். முதல் நாள் வைத்த மீன் குழம்பு, அவர்கள் சொல்லும் மீன் ஆணம், இருந்தது. சோறு வடித்து, அப்பளம் பொரித்து, முட்டை வறுத்து, மூன்று பேரும் சமையலறை மேசையிலேயே சாப்பிட்டோம். சகோதரிகள் இருவரும் நான் அறியாத ஆட்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். நான் நடுநடுவே எழுந்து அவர்கள் கூடத்தில் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். தங்கை நிலையம் வரைக்கும் கூட வந்தார். தூசி படும், வேண்டாம் என்று சொன்னதைக் கேட்கவில்லை. அக்கா வண்டியைத் தள்ள, அவர் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இருவரும் எனக்கு முன்னால் மெதுவாகப் போனார்கள். அடுத்த மாதம் நான் அங்கே வருவேனா, நீ இங்கே வருவாயா என்று இருவருக்கும் வாக்குவாதம். முடிவு தெரிவதற்குள் நிலையம் வந்துவிட்டது.

ரயிலில் உட்கார்ந்த சற்று நேரத்தில் ராத்தா தூங்கிப்போனார். தலை என் தோளில் சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தால் எனக்கு இடுப்பில் இழுக்கும். காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டேன், இழுப்பு குறைந்தது. அவர் மகனுக்கு, கிளம்பிவிட்டோம், அம்மா தூங்குகிறார் என்று மெசேஜ் அனுப்பினேன். அவுட்ரம் பார்க் வரும்வரை எழுப்பவில்லை.